சூலம் போட்ட நாய்க்குட்டி

ஆரணியில் கடந்த ஆவணியில் எந்தக் கைபேசியைத் திறந்தாலும் ஒரே முகம். பைரவதாசர் ஜெயக்குமார். மடியில் ஒரு வெள்ளை நாய்க்குட்டி; அதன் நெற்றியில் அரக்கு நிறத்தில் ஒரு சூலம். தேய்பிறை அஷ்டமியில் பிறந்ததாம், பைரவரே அனுப்பியதாம். வீட்டில் இருந்தால் சனி வாசலோடு திரும்பிவிடுவாராம். விலை கேட்டால் "அருளுக்கு விலையா?" என்பார். பணம் அனுப்பும் எண் மட்டும் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும்.

முந்திக்கொண்டு வாங்கியவர்களில் ஒருவர் வீரபாகு. பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். பட்டறைக்கு வேலை குறைந்ததற்குச் சனிதான் காரணம் என்று கண்டுபிடித்திருந்தார். நிறம் சரியாக வரவில்லை என்று நெசவாளர்கள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

குட்டிக்குக் கண்கூட முழுசாகத் திறக்கவில்லை. "தியானத்துல இருக்குதுங்க" என்றார் தாசர். ஒரு மண்டலம் குளிப்பாட்டக் கூடாது, ஊசி கூடாது, டாக்டர் நிழல்கூடப் படக் கூடாது என்றும் சொன்னார். வீரபாகு அப்படியே செய்தார். குட்டி வாந்தியும் ரத்தபேதியுமாகச் செத்துப்போனது.

தாசர் வீடியோ காலில் வந்து வாழ்த்தினார். "உங்க தோஷத்தை வாங்கிகினு போயிடுச்சுங்க. மிச்சத்துக்கு இன்னொண்ணு வாங்கிக்குங்க."

வீரபாகு நெகிழ்ந்துபோனார். இன்னொன்று வாங்கியதோடு நிற்காமல், தன் அனுபவத்தைப் பேசி வீடியோவும் அனுப்பினார். அதைப் பார்த்து ஊரில் பலர் வாங்கினார்கள். முட்டாளாவதிலும் அவருக்குத் துணை வேண்டியிருந்தது.

இரண்டாவது குட்டியும் வாந்தி எடுத்தது. மனைவி சாவித்திரி ஈரத்துண்டால் அதன் முகத்தைத் துடைத்தாள். சூலம் துண்டுக்கு வந்துவிட்டது.

"இன்னாங்க இது?"

"அருள் கசியுது" என்றார் வீரபாகு.

"நல்லா கசியும்! நூலைக் குடுக்கறதுக்கு முன்ன வெள்ளைத் துணியை நனைச்சித் தேய்ச்சிப் பாப்பீங்களே, சாயம் போவுதான்னு. நாய்க்கு மட்டும் ஏங்க பாக்கல?"

வீரபாகு துண்டை வெளிச்சத்தில் பிடித்தார். பட்டுச் சாயமேதான். அதுவும் சரியாக ஏற்றாத அரைகுறை வேலை. ஆயுசு முழுக்கச் சாயத்தில் கை நனைத்தவரை ஒரு பொட்டுச் சாயம் ஏமாற்றியிருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அதற்குள் சாவித்திரி குட்டியைத் தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். அவரும் பின்னால் ஓடினார். டாக்டர் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே கேட்டார்: "தாய்ப்பால் குடிக்கிற குட்டிம்மா இது. யாரு பிரிச்சது?" பிரித்தவன் தாசர்தான், பிரிக்கச் சொல்லிக் காசு கொடுத்தவர் வீரபாகு.

ஞாயிற்றுக்கிழமை சந்தவாசல் பக்கம் ஒரு கொட்டகையில் தாசரின் நேரலை. நல்ல கூட்டம். வீரபாகுவைக் கண்டதும் தாசருக்கு ஒரே சந்தோஷம். "நம்ம மூத்த பக்தர் வந்துகினு இருக்காரு! சாட்சி சொல்லுவாருங்க!"

வீரபாகு மேடையேறிக் கும்பிட்டார். தாசரின் மடியிலிருந்த குட்டியை வாங்கிக்கொண்டார். பையிலிருந்து நனைத்த வெள்ளைத் துணியை எடுத்து அதன் நெற்றியில் மெல்லத் தேய்த்து, துணியைக் கேமராவுக்குக் காட்டினார். சூலம் துணியில் இருந்தது.

"நம்பிக்கை இல்லாதவன் கை பட்டா சூலம் மறையும்!" என்று தாசர் கத்தினார்.

"யோவ், என்னைவிட நம்பினவன் இந்த ஜில்லாவுல யாருய்யா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவருடைய வீடியோவை எல்லோரும் பார்த்திருந்தார்களே!

கூடவே வந்திருந்த சாவித்திரி, முனகல் கேட்ட பக்கம் போய் மேடைக்குப் பின்னாலிருந்த திரையை இழுத்தாள். சிரிப்பு நின்றது. வரிசையாகக் கூண்டுகள். கம்பி வலைமேல் நின்று நின்று பாதம் புண்ணான தாய் நாய்கள், ஈன்று ஈன்று மடி தொங்கியவை, குரைக்கக்கூடத் தெம்பில்லாதவை. பக்கத்தில் சாயக் கிண்ணமும் தூரிகையும். வீரபாகுவுக்கு அழுகை வந்துவிட்டது. யாரோ போலீசுக்குப் போன் போட்டார்கள். அன்று தாசரைத் தேடிச் சனி பகவானே ஜீப்பில் வந்தார்.

கூட்டம் கலையும்போது, குட்டிக்கு முன்பணம் கட்டியிருந்த ரேணுகாதேவி வீரபாகுவிடம் வந்து கவலையோடு கேட்டாள்: "அப்ப ஒரிஜினல் சூலக் குட்டி எங்கங்க கெடைக்கும்?"

அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. போன வாரம் என்றால் நாமும் இதையேதான் கேட்டிருப்போம் என்று தோன்றியதும் அடங்கியது.

"எங்கிட்ட ரெண்டு இருந்துச்சும்மா. ரெண்டும் ஒரிஜினல் நாய்தான். ஒண்ணு, நான் யோசிக்காததால செத்துப்போச்சு. இன்னொண்ணு, எம் பொண்டாட்டி யோசிச்சதால பொழச்சிகினு இருக்குது. உங்க வூட்ல யாரும்மா யோசிக்கிறாங்க?"