ஒரு எழுத்தும் விடாமல் வாசித்த கத்தரிக்காய்ப் பேச்சு

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இருபத்துநாலு வயதில் எனக்குப் பட்டப்பகலில் நிற்பதும் பேய்தான், அது அரசாங்க உத்தியோகம் பார்ப்பதாக இருந்தால்.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. கொழும்பு வானொலியில் தமிழுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். நேரத்தோடு கண்காணிப்பும் கூடியது. பேச்சை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அதிகாரியின் ஒப்பம் வாங்கவேண்டும். வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி, பம்பலப்பிட்டியில் வாத்தியார் வேலை பார்த்த நான், வீட்டுத் தோட்டத்தில் கத்தரி நடுவது பற்றி எழுதிக் கொடுத்தேன். (கத்தரியை நான் கறியில்தான் சந்தித்திருந்தேன்.)

உண்மையான காரணம் கொட்டாஞ்சேனையில் இருந்தது. அங்கே ராஜேஸ்வரியை எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். "பெடியன் எப்பிடிப்பட்டவன் எண்டு தெரியாமல் குடுக்கேலாது" என்று அவளுடைய தகப்பனார் இழுத்தடித்தார். அவர் வீட்டில் வானொலிப் பெட்டி இருந்தது. என் குரலைக் கேட்டு மயங்கிவிடுவார் என்று நம்பினேன்.

அதிகாரி திருப்பித் தந்த தாளில் சிவப்புப் பென்சில் தாராளமாக விளையாடியிருந்தது. 'மழைக்குப் பின் நடுக' என்ற வரியையே வெட்டிவிட்டார். (எதிரிக்கு வானிலை தெரிந்துவிடுமாம்!)

"தம்பி, வெட்டாமல் இருக்கிறது எல்லாம் வாசிக்கவேணும். ஒரு எழுத்துக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. விளங்கிச்சுதோ?"

"ஓம் சேர்."

ஒலிபரப்பின்போது அவர் கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருந்தார். பாத்தி, எரு எல்லாவற்றையும் கணீரென்று வாசித்தேன். நடுவில் சிவப்பு எழுத்தில் சில வரிகள் வந்தன. வெட்டப்படாததால் அவற்றையும் வாசித்தேன்: "இவ்விடம் பெருஞ்சலிப்பு. கேட்போர் உறங்கிவிடுவர். எனினும் இப்பேச்சாளரால் அரசாங்கத்துக்கு எவ்வித ஆபத்தும் இல்லை. அனுமதிக்கலாம்."

அதிகாரி எழுந்து இரண்டு கைகளையும் ஆட்டினார். பாராட்டுகிறாராக்கும் என்று குரலை இன்னும் உயர்த்தினேன்.

"அது என்ரை மேலதிகாரிக்கு எழுதின குறிப்பு, ஐசே!" என்று வெளியே வந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ராஜேஸ்வரி கிடைக்கமாட்டாள் என்றே முடிவு கட்டினேன்.

மறுநாள் கல்யாணத் தரகர் வந்தார். தகப்பனார் சொல்லியனுப்பியிருந்தார்: "நான் ஒரு மாசமாய் விசாரிச்சுத் தெரியாததை அரசாங்கமே ரேடியோவிலை சொல்லிப்போட்டுது. பெடியனாலை ஆபத்தில்லையாம். நாள் பாருங்கோ."

இன்றைக்கும் விருந்தாளிகளுக்கு நான் எதையாவது விளக்கத் தொடங்கினால், குசினி அடுப்படியிலிருந்து ராஜேஸ்வரியின் குரல் வரும்: "பயப்பிடாமல் கேளுங்கோ. நித்திரை மட்டும்தான் வரும்."