ஈரத்துக்குக் கழிப்பவர்

எந்த வேலைக்குப் போவது என்று நிறுத்துப் பார்ப்பதையே முழுநேர வேலையாக வைத்திருக்கும் ஓர் இனம் உண்டு. நிறுவைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டுமா? மஸ்கெலியா பஸ் ஏறி எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தண்ணீர் டாங்கிப் பக்கம் வாருங்கள். சிக்னல் தேடிக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான் நிரஞ்சன். கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதுகிறவர்.

ஒரே வாரத்தில் அவருக்கு இரண்டு வேலை வந்தது. கொழும்புக் கம்பெனியில் மாதச் சம்பளம், லீவு, ஈ.பி.எஃப்., தலைக்கு மேல் ஒரு மேனேஜர். வெளிநாட்டுக் கம்பெனியில் ஆறு மாத ஒப்பந்தம், அதாவது கொந்தராத்து, டாலர், தலைக்கு மேலும் ஆளில்லை, காலுக்குக் கீழும் பிடிமானமில்லை. வெள்ளி மாலை ஐந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஞாயிறு டயகமவிலிருந்து பெண் வீட்டார் வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

சும்மா இருப்பாரா? கடை முஹ்ஸின் நானாவிடம் கேட்டார், பூசாரியிடம் கேட்டார், பஸ் கண்டக்டரிடம் கேட்டார், பல் பிடுங்கிய டாக்டரிடம் வாயில் பஞ்சோடு கேட்டார். மாதச் சம்பளம் என்றவரிடம் கொந்தராத்துக்காக வாதாடினார். கொந்தராத்து என்றவரிடம் மாதச் சம்பளத்துக்காகக் கண்கலங்கினார். முப்பது வருஷம் கொழுந்து பறித்த அம்மா பேச்சியம்மா ஒரே மூச்சில் சொன்னார்.

"பேர் பதிஞ்சிருந்தா தெனம் விடியக்காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் போய் நிக்கணும். அன்னாடம் கைக்காசு வேலைன்னா கொழுந்து இருக்கிற வரைக்குந்தான். ஏதாச்சும் ஒன்னுக்குப் போடா."

அதுவும் அவர் எழுதிவந்த பட்டியலில் ஏறியது. வெள்ளி நாலரைக்கு மார்க் போட்டுக் கூட்டினார். கொழும்புக்கு எண்பத்திரண்டு, டாலருக்கு எண்பது. முடிந்ததா? எங்கே முடிவது! கணக்கப்பிள்ளை கொழுந்தை நிறுத்து, இலையில் இருக்கும் ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிப்பதைப் பார்த்தே வளர்ந்தவராயிற்றே. மேனேஜர் முசுடாக இருந்தால்? இரண்டு கழித்தார். டாலர் சரிந்தால்? இரண்டு கழித்தார். கரண்ட் போனால், மண் சரிந்தால், முதலாளிக்கு மாரடைப்பு வந்தால் என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழித்துக் கழித்து, ஐந்தேகாலுக்கு இரண்டையும் பூஜ்ஜியத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

கம்பெனிகள் இரண்டும் வேறு ஆள் பார்த்துக்கொண்டன.

ஞாயிறன்று பெண்ணின் அப்பா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார். நிரஞ்சன் தொண்டையைச் செருமினார். பேச்சியம்மா முந்திக்கொண்டார்.

"நிறுக்கிற வேலைங்க. ஈரத்துக்குக் கழிச்சே கூடையைக் காலி பண்ணிட்டான்."

யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். அவர்கள் யோசித்தது பஸ் வரும் வரைக்கும்தான்.

சிரிக்கிறீர்களா? நான் அப்படிப்பட்ட ஆளில்லை என்கிறீர்களா? ரொம்ப நல்லது. ஆனால், அதைச் சொல்வதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவர் முகத்தை எதற்கு ஒரு தரம் பார்த்தீர்கள்?