படித்தாலே புரியும் முகவரி

முகவரிப் பட்டியலின் பதினேழாவது வரியைப் பார்த்ததும் அவள் கணினித் திரையை உடம்பால் மறைத்துக்கொண்டாள்.

'இந்த-மேனேஜரோடு-இனி-முடியாது-ராஜினாமா.'

பம்பு செட் விற்கும் அந்தக் கம்பெனியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. நேற்று வரை ஒவ்வொரு பக்கத்துக்கும் வெறும் எண்தான் முகவரி.

"மனுஷன் படிச்சாலும் புரியணும், தேடுற புரோகிராம் படிச்சாலும் புரியணும். எல்லாத்தையும் மாத்துங்க" என்றார் மேனேஜர். பக்கத்தின் தலைப்பையே முகவரியாக்கும் புரோகிராமைக் காலையில் ஓடவிட்டாள். அது 4817-ஐயும் விட்டுவைக்கவில்லை.

4817 அவளுடைய ராஜினாமாக் கடிதம். பூட்டிவைத்த பக்கம். தளத்தில் எழுத ஆபீசில் எல்லோருக்கும் அனுமதி உண்டு. அவளைத் தவிர யார் எழுதப் போகிறார்கள்! மூன்று வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் அதில் ஒரு வரி சேர்ப்பாள். கொடுப்பதற்கல்ல. எழுதி வைத்திருக்கிறோம் என்ற தைரியத்தில்தான் திங்கட்கிழமை மறுபடி படியேற முடிந்தது.

பூட்டு இப்போதும் பத்திரம். முகவரிதான் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு மேனேஜர் பட்டியலைப் பார்ப்பார். மணி இரண்டரை.

தலைப்பை 'ஆண்டறிக்கை' என்று மாற்றினாள். பழைய முகவரியில் வருகிறவர் வழிதவறக் கூடாதென்று புரோகிராம் பட்டியலில் இரண்டையும் அம்புக்குறி போட்டு இணைத்து வைத்தது. அந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவதியும் அவளேதான்.

பக்கத்தையே அழித்தாள். 'காணாமல் போன முகவரி' என்று அது சிவப்பில் பட்டியலின் உச்சிக்கு ஏறியது. ஒரு பக்கம் காணாமல் போனால் முழுப் பட்டியலும் ஆபீசில் பன்னிரண்டு பேருக்கும் தானாக மெயிலில் போகும். போய்விட்டது.

அறையில் தட்டச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இன்டர்காம் அலறியது. "உடனே ரூமுக்கு வாங்க!"

எட்டடி தூரம். 'போ' என்று சொல்லிவிட்டால்? போக மனசில்லை என்பது அந்த எட்டடியில்தான் அவளுக்கே தெரிந்தது.

மேனேஜரின் முகம் வெளிறியிருந்தது. "லிஸ்ட் யாருக்கெல்லாம் போச்சு?"

"எல்லாருக்கும் சார். அந்தத் தலைப்பு... நான் விளக்கிடறேன் சார்..."

"ஒரு விளக்கமும் வேண்டாம்!" அவர் மேசையைப் பார்த்தே பேசினார். "மனுஷனுக்குப் புரிஞ்ச வரைக்கும் போதும்மா. பழையபடி நம்பரே போட்டுடுங்க. இப்பவே!"

இருக்கைக்கு வந்து, எல்லாவற்றையும் புது எண்களாக்கினாள். வேலை தப்பியதா, திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போயிருக்கிறதா?

வரவேற்பறைப் பெண் மெல்ல வந்து அவள் காதருகே குனிந்தாள்.

"அக்கா, என் ராஜினாமாவுக்கு இப்ப என்ன நம்பர்? அப்படியே சாரோடதையும் கேட்டுட்டு வரச் சொன்னாரு. இன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சே!"