காலி வீதியில் யானைகளுக்கு ஒரு மேம்பாலம்

எனக்குச் சந்தேகம் பிறவிக்குணம். மீன்காரர் "இப்ப பிடிச்சது அண்ணை" என்றால், செவுளைத் திறந்து பார்த்துவிட்டு அவருடைய முகத்தையும் ஒருமுறை பார்ப்பேன். இப்படிப்பட்டவன் வெளிநாட்டு உதவித் திட்டங்களுக்குச் சுற்றாடல் பகுதி எழுதப் போகக்கூடாது. நான் போனேன்.

அங்கே ஒரு வழக்கம். வீதி, வடிகால், பாலம் எல்லாம் திட்டமிட்டு முடித்த பிறகு, கடைசிப் பக்கத்தில் "சுற்றாடல் பாதுகாக்கப்படும்" என்று ஒரு வரி போட்டுவிடுவார்கள். அந்த அக்கறையைத் திட்டத்துக்குள்ளேயே கொண்டுவருவதுதான் என் வேலை. ஆறு மாத ஒப்பந்தம். ஒழுங்காகச் செய்தால் நிரந்தரம். வெள்ளவத்தைக் கால்வாய்த் திட்டத்துக்காக மூன்று மாதம் சேற்றில் நடந்து, "கரையோரச் சதுப்பு நிலத்தை நிரப்பக்கூடாது, மழைவெள்ளம் போக வேறு இடமில்லை" என்று எழுதினேன். (எங்கள் வீடும் பக்கத்து ஒழுங்கையில்தான். பொதுநலத்துக்குள் கொஞ்சம் சுயநலம்.)

திட்டப் பிரிவுத் தலைவர் அன்ரன் சேர், கொட்டாஞ்சேனைக்காரர். எதைக் கொடுத்தாலும் "வடிவா இருக்கு தம்பி" என்று வாங்கி வைப்பார். வாசிக்காமல் எப்படி வடிவு தெரியும்? அவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று, சதுப்பு நில வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: "காட்டு யானைகள் காலி வீதியைக் கடக்க மேம்பாலம் அமைக்கப்படும்." காலி வீதி, நகரத்துக்குள் எங்கள் வெள்ளவத்தையை ஊடறுத்துப் போகும் பெருவீதி. கூப்பிட்டு ஏசினால் வாசிக்கிறார் என்று அர்த்தம். (என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.)

அவர் கூப்பிடவேயில்லை. அறிக்கை நேரே உதவி தருபவர்களிடம் போய்விட்டது.

கூட்டத்தில் அவர்களுடைய பிரதிநிதி, ஒரு வெள்ளைக்கார அம்மணி, ஆசையோடு கேட்டார்: யானைகள் எத்தனை மணிக்குக் கடக்கும், போய்ப் பார்க்கலாமா? அமைச்சிலிருந்து வந்த அதிகாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வெள்ளவத்தையில யானையா? அங்க மனுசரே றோட்டைக் கடக்க ஏலாது!"

அம்மணியின் முகம் மாறியது. என்னுடைய சந்தேக வியாதி அவருக்கும் தொற்றிவிட்டது. அப்படியானால் சதுப்பு நிலம் மட்டும் உண்மையா என்று கேட்டார். உண்மை, நடந்தே பார்த்தேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். யார் நம்புவார்கள்? என் பகுதியை முழுதாக வெட்டச் சொன்னார்கள். எனக்கு அழுகை வந்தது.

வெளியே அன்ரன் சேரைப் பிடித்தேன். "சேர், நீங்கள் வாசிக்கவே இல்லைத்தானே?"

"வாசிச்சனான். மூண்டு தரம்."

"அப்ப ஏன் வெட்டேல்லை?"

"ஒரு சொல்லை வெட்டினாலும் நான் சுற்றாடலுக்கு எதிரி எண்டு மேலிடத்துக்கு எழுதிப் போடுவீரோ எண்டு உம்மில எனக்குச் சந்தேகம் தம்பி."

வேலை ஆறு மாதத்தோடு சரி. சதுப்பு நிலத்தை நிரப்பி வாகனத் தரிப்பிடம் கட்டிவிட்டார்கள். பெருமழை பெய்தால் தண்ணீர் எங்கள் முன்னறைக்குள் வந்துவிடும். மனைவி அரிசி மூட்டையை மேசையில் தூக்கி வைப்பாள். மகள் யன்னலால் எட்டிப் பார்த்து, "அப்பா, யானை ஒண்டையும் காணேல்ல" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். சேற்றில் நடந்து எழுதிய மற்ற வரி வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை.