ஒரு கையெழுத்துக்காக ஒரு கோழிக் கேசரோல்

"சூடா இருக்கு டாக்டர், சீக்கிரம் திறங்க!" என்று வெர்னா முழங்கையால் கதவைத் தட்டியபோது, எதிர்வீட்டு ஜன்னல் திரை லேசாக விலகியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒரு டாக்டரின் கையெழுத்து கிடைக்காவிட்டால் கிளினிக்கைப் பூட்ட வேண்டும் என்றிருப்பவளுக்கு, எதிர்வீட்டுத் திரையா கண்ணில் படும்?

வெர்னா டிட்வெல் ஒரு நர்ஸ் பிராக்டிஷனர். டக்கெட் ஊரில் காய்ச்சல், சர்க்கரை, தூண்டில் முள் குத்திய விரல், எல்லாவற்றுக்கும் அவள்தான் வைத்தியம். மருந்துச் சீட்டும் அவளே எழுதுவாள். ஆனால் மிசிசிப்பிச் சட்டப்படி அவளோடு ஒப்பந்தம் போட்டு, அவள் எழுதும் நோயாளிக் குறிப்புகளை அவ்வப்போது படித்துப் பார்க்க ஒரு டாக்டர் இருந்தாக வேண்டும். இருந்த டாக்டர் திடீரென்று எல்லாவற்றையும் உதறிவிட்டு மீன் பிடிக்க ஃப்ளோரிடா போய்விட்டார். அந்த மீன்களுக்கு அப்படி என்ன அவசரமோ!

திங்கள்கிழமை முழுக்கப் போனும் கையுமாக இருந்தாள். ஜாக்சன் நகரத்து டாக்டர் ஒருவர் மாதக் கட்டணம் சொன்னதும் அவளுக்கே தலை சுற்றியது. இன்னொருவர், தான் எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பதையே மறந்தவர். "நீங்க ஏற்கனவே நம்மகிட்ட இருக்கீங்களா, இல்ல புதுசா?" என்று அவளையே கேட்டார்.

மிச்சம் இருந்தவர் உள்ளூர் டாக்டர் ஏமஸ் க்ரட்சர் ஒருவர்தான். வேலையை விட்டாலும் லைசென்ஸை விடாதவர். மனைவி இறந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. சரியான சிடுமூஞ்சி.

"வெறுங்கையோட போகாதீங்க, மிஸ் வெர்னா" என்றாள் ட்வைலா. கிளினிக்கின் வரவேற்பு முன்மேஜையில் உட்கார்ந்திருப்பவள், தானுண்டு தன் வேலையுண்டு என்றிருக்கும் தனிக்கட்டை. "நான் கோழியில சீஸ் போட்டுச் சுட்டு ஒரு கேசரோல் பண்ணித் தர்றேன். சீஸ் இறுகுறதுக்குள்ள கொண்டு போயிடுங்க."

வெர்னா சமைத்தால் நாய்கூட முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். ஆகவே சந்தோஷமாகத் தலையாட்டினாள். சனியன் அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தில்தான் உட்கார்ந்திருந்தது.

டக்கெட்டில் துக்க வீட்டுக்குப் போகும் கேசரோல் வேறு, துக்கம் முடிந்து ஒரு வருடம் கழித்துப் போகும் கேசரோல் வேறு. இரண்டாவதில் கோழியோடு கல்யாண ஆசையும் சேர்ந்து வெந்திருக்கும். பாத்திரத்தின் அடியில் பெயர் எழுதிய டேப் இருக்கும். இஷ்டமில்லை என்றால் அந்த மனிதர் பாத்திரத்தைச் சர்ச் சமையலறையில் வைத்துவிட்டு வருவார். இஷ்டம் என்றால் கழுவித் துடைத்து, தானே கொண்டுபோய்க் கையில் கொடுப்பார். க்ரட்சர் இதுவரை யார் கையிலும் கொடுத்ததில்லை. இதெல்லாம் வெர்னாவுக்குத் தெரியாததல்ல, இருந்த கவலையில் மறந்துபோனது.

டாக்டர் கதவைத் திறந்தார். பாத்திரத்தைப் பார்த்தார்.

"நீயுமா?"

"இல்ல டாக்டர், ஒரு ஒப்பந்த விஷயமா..."

"எல்லாரும் அதுக்குத்தான் வர்றீங்க. குடுத்துட்டுப் போ." கதவு மூடிக்கொண்டது.

மறுநாள் காலை கிளினிக்கில் நிற்க இடமில்லை. ஆனால் யாருக்கும் நோய் இல்லை, எல்லாரும் வெர்னாவைப் பார்க்க வந்தவர்கள். முதல் ஆளாக எதிர்வீட்டு ஜன்னல்காரி லுர்லீன் வந்து கையை நீட்டினாள். வெர்னா பிரஷர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். முள் ஏறிக்கொண்டே போனது.

"மாத்திரை போட்டீங்களா, இல்லையா?"

"மாத்திரைக்கு அடங்குற பிரஷரா இது? நேத்து என் ரெண்டு கண்ணால பார்த்ததுக்கு வந்த பிரஷர்! எத்தனை மாசமா பீச் பழ 'பை' பலகாரம் சுட்டுச் சுட்டுக் கொண்டு போறேன். நீ நோகாம நுழைஞ்சுட்ட."

"ஐயோ, எனக்கு அவர் கையெழுத்து மட்டும்தான் வேணும்!"

"எங்களுக்கு மட்டும் என்ன, அவர் பல்செட்டா வேணும்? கல்யாணத்துக்கும் கையெழுத்துத்தாம்மா போடணும்."

வெர்னா முன்மேஜைக்கு ஓடினாள். ட்வைலா கன்னத்தில் கை வைத்து யோசித்தாள்.

"பாத்திரத்தைத் திருப்பி வாங்கிட்டா பேச்சு அடங்கிடும். விடியக்காலையில போங்க, ஒரு ஈ காக்கா இருக்காது. மரியாதைக்கு இந்தச் சோள ரொட்டியையும் குடுத்துடுங்க, சுட்டு வெச்சிருக்கேன்."

புதன் விடியற்காலையில் போனாள். டாக்டர் தூக்க அங்கியோடு வந்து ரொட்டியை வாங்கிக்கொண்டார். உள்ளே போய், மேஜையில் இருந்த கேசரோல் பாத்திரத்தைத் தூக்கி அடியைப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது போலிருந்தது.

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. முடிச்சுட்டு நானே கொண்டாறேன்."

"ஐயோ, நீங்க கொண்டாரவே வேண்டாம் டாக்டர்! அந்த ஒப்பந்தத்துல கையெழுத்து..."

"ரிடையர் ஆனவன் நான். உன் கிறுக்கலை எல்லாம் உட்கார்ந்து எவன் படிப்பான்?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது. நனைய வேண்டாமே என்று டாக்டர் தன் மழைக்கோட்டைத் தூக்கிக் கொடுத்தார். வெர்னா அதை மாட்டிக்கொண்டு படியிறங்கிய அதே நேரத்தில், லுர்லீன் நாய்க்குச் சோறு வைக்க வாசலுக்கு வந்தாள். சோறு தரையில் கொட்டியது. நாய்க்கு அன்று நல்ல நாள்.

"விடியக்காலையில, அவர் வீட்டுலேர்ந்து, அவர் கோட்டுல!" என்ற செய்தி வெர்னாவுக்கு முன்பே கிளினிக்குக்கு வந்து சேர்ந்திருந்தது.

"உண்மையைச் சபையில சொல்லிடுங்க" என்றாள் ட்வைலா. "சாயங்காலம் ஜெபக் கூட்டம் இருக்கு. பாஸ்டரே சொன்னா யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க."

பாஸ்டர் பாய்டு நல்ல மனிதர். வெர்னா சொன்னதை அப்படியே, ஒரு சொல் மாறாமல், கண்களை மூடிக்கொண்டு ஜெபித்தார்.

"ஆண்டவரே, எங்கள் சகோதரி வெர்னாவுக்கு வெள்ளிக்கிழமைக்குள் ஒரு டாக்டர் அவசரமாகத் தேவைப்படுகிறார். டாக்டர் க்ரட்சரின் மனசை இளக்கும்!"

பின்வரிசை பெஞ்சுகள் சிரிப்பில் குலுங்கின. அரைத் தூக்கத்தில் இருந்த ஒருவர் எழுந்து கை தட்டினார். லுர்லீன் மட்டும் ஆமென் சொல்லவில்லை.

வியாழக்கிழமை லுர்லீனும் அவள் தோழிகளும் தங்கள் வைத்தியத்தைப் பக்கத்து ஊருக்கு மாற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். பேக்கரிக்காரர் கல்யாணக் கேக்கின் சாம்பிள் துண்டு ஒன்றை அனுப்பிவைத்தார். வெர்னா அதைத் தின்றுகொண்டே அழுதாள். மானம் போனதுகூடப் பெரிதல்ல. கிளினிக்கை மூடினால் காலில் ஆறாத புண்ணோடு வரும் கிழவர் ஹோபார்ட்டுக்குக் கட்டுப் போட யார் இருக்கிறார்கள்? கார் ஓட்டவும் கண் தெரியாத மனிதர்.

வெள்ளிக்கிழமை மாலை. 'மூடப்பட்டது' என்று எழுதிய அட்டையோடு வெர்னா வாசலுக்கு வந்தாள். கூடத்தில் ஹோபார்ட் கடைசிக் கட்டுக்காகக் காத்திருந்தார். லுர்லீன், விட்டுப்போன மூக்குக்கண்ணாடியைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வெகுநேரமாக நாற்காலிக்கு அடியில் தேடினாள். கண்ணாடி அவள் தலைமேல் இருந்தது.

அப்போது டாக்டர் க்ரட்சர் வந்தார். டை கட்டியிருந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். கையில், கழுவித் துடைத்துப் பளபளவென்று மின்னும் கண்ணாடிப் பாத்திரம்.

லுர்லீன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க அந்தப் பேப்பர்?" என்றார் டாக்டர்.

வெர்னா எடுத்துக் கொடுத்தாள். பாத்திரத்தை இடுக்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

"ஒரு கண்டிஷன். குறிப்பையெல்லாம் வீட்டுக்கு அனுப்பாத. நானே வந்து படிப்பேன். வாரத்துக்கு ரெண்டு நாள்."

"சட்டம் அவ்வளவெல்லாம் கேக்கலியே, டாக்டர்."

"சட்டத்துக்கு என்ன தெரியும்? தனி ரூமெல்லாம் வேண்டாம். இந்த முன்மேஜை ஓரமா ஒரு நாற்காலி போட்டாப் போதும்."

தன் குறிப்புகளுக்கு இவ்வளவு மதிப்பா என்று வெர்னாவுக்குப் புல்லரித்தது. கையிலிருந்த அட்டையைக் கிழித்துப் போட்டாள். இனி அந்தப் பாத்திரம் ஒன்றுதான் பாக்கி. ஊர் ஏற்கனவே பேசியாயிற்று, இன்னும் கொஞ்சம் பேசட்டும், கிளினிக் பிழைத்ததே போதும் என்று துணிந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

டாக்டர் அவளைச் சுற்றிக்கொண்டு போனார். முன்மேஜைக்கு முன்னால் நின்று, பாத்திரத்தை ட்வைலாவின் கையில் கொடுத்தார்.

"பேரைப் பார்த்ததும் அன்னைக்கே வரணும்னு நெனச்சேன், கோழி விடல. ரொட்டித் தட்டு வீட்ல இருக்கு. நாளைக்குக் கொண்டாறேன், ட்வைலா."

அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

லுர்லீன் கையை நீட்டினாள், பிரஷர் பார்க்க. வெர்னாவுக்கு அவளைக் கவனிக்க நேரமில்லை.

"அடிப்பாவி ட்வைலா! இத்தனை நாளா ஊரே என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டுச்சே! நீயே நேர்ல கொண்டு போய்க் குடுத்திருக்கலாமில்ல?"

ட்வைலா பாத்திரத்தைத் துண்டில் சுற்றி மேஜை அடியில் பத்திரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நல்லா இருக்கே மிஸ் வெர்னா, நான் போயிருந்தா ஊரு என்னையில்ல பேசியிருக்கும்?"