உள்ளே கைப்பிடி இல்லாத அறை

அன்பும் அதைவிடப் பொறுமையும் அதிகமுள்ள என் நாத்தனாருக்கு, உன் அண்ணி எழுதிக்கொள்வது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே நான் நலம், இடது முட்டி நீங்கலாக. நீங்கள் எல்லாரும் குறைவில்லாமல் இருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன். உன் வீட்டுக்காரரின் சர்க்கரைக்குத் தனியாக ஒரு தடவை.

அண்ணன் போய் வருஷம் முடியப்போகிறது, அடுத்த மாசம் எல்லாரும் கூடும்போது வாசிக்க அவரைப் பற்றி நல்லதாக ஒரு பக்கம் எழுதுங்க அண்ணி என்று கேட்டிருந்தாய். கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்த காகிதத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான். எனக்கு எழுத வருவது வரவு செலவு ஒன்றுதான். வரவு என்று ஒன்றைப் போட்டால் கை தானாக எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. 'கடிகாரம் பழுதுபார்ப்பதில் வல்லவர்' என்று எழுதினேன்; ஓடிக்கொண்டிருந்த கடிகாரமெல்லாம் நின்றது அவர் கை பட்ட பிறகுதானே என்று பேனா முரண்டு பிடித்தது. 'புகைப்படம் எடுப்பார்' என்று எழுதினேன். இந்த வீட்டுப் படம் ஒன்றிலும் எனக்குக் கழுத்துக்கு மேலே கிடையாது. கேட்டால், "உன் முகம்தான் எனக்கு மனப்பாடமாச்சே, புடவைதான் மறந்துபோகும்" என்பார். அப்புறம் மீன் வளர்ப்பு, தச்சு, தொலைநோக்கி, கடைசியாக அந்த ட்ரம்பெட். ஒவ்வொன்றும் ஒழியணும்னு நான் உருகி உருகி வேண்டுவேன், ஆண்டவனும் ஒழித்துக் கொடுப்பார், அடுத்த வாரமே புதுசா ஒன்னு பெட்டியில வந்து இறங்கும். எனக்குச் சரியாக வேண்டிக்கொள்ளவும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சரி, சாமான்களை நேரில் பார்த்தாலாவது நாலு நல்ல வார்த்தை வரும் என்று இன்று காலை அவர் அறைக்குள் போனேன். அதை வாடகைக்கு விடணும்கிறான் என் மகன், நானும் தலையாட்டிவிட்டேன், பழைய சாமான்காரர் நாளைக்கு வருகிறார். உள்ளே போனதும் காற்றில் கதவு சாத்திக்கொண்டது. அந்தக் கதவுக்குப் பூட்டு போட்டது யாரு, உன் அண்ணன்தான். கைப்பிடியை வெளியே மட்டும் வைத்து, உள்பக்கம் வைக்க மறந்து, மறந்ததையும் ஒத்துக்கொள்ளாமல், "திருடன் உள்ள போனா வெளிய வர முடியாது பாரு" என்று விளக்கம் சொன்ன மனுஷன். தான் வெளியே வர ஒரு திருப்புளியைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார். அந்தச் சட்டையைப் பையைக்கூடத் துழாவாமல் போன மாசம் தானம் செய்தவள் நான். புண்ணியம் தேடப் போய், அந்தப் புண்ணியமே என்னை உள்ளே வைத்துப் பூட்டிற்று.

அங்கே கிடந்த மற்றத் திருப்புளி ஒன்றும் சேரவில்லை. ஜன்னலில் நின்று கூப்பிட்டால் சந்தில் படுத்திருந்த நாய் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது. தொலைநோக்கியைச் சந்து முனைக்குத் திருப்பினேன். பலசரக்குக்காரர் என் மூக்கு நுனியில் நிற்கிறார்! நான் கையைக் கையை ஆட்டுகிறேன், அவர்பாட்டுக்குக் காது குடைகிறார். எனக்கு அவர் கிட்டத்தில் தெரிந்தால் அவருக்கு நான் தெரிய வேண்டியதில்லை என்பது உறைக்கவே கொஞ்ச நேரம் ஆச்சு. வேண்டிக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினேன். நேத்து வரைக்கும் இந்த அறை ஒழியணும்னவ, இன்னிக்கு இதிலிருந்து என்னை விடுங்கிறாளேன்னு ஆண்டவனுக்கே குழப்பமாயிருக்கும்.

மிச்சம் இருந்தது ட்ரம்பெட். முதல் ஊதலில் வெறும் காற்று. இரண்டாவதில் பல்செட் கழன்றது. அதைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு மூச்சைப் பிடித்து ஊதினேன் பார், எருமைக்குப் பிரசவ வலி எடுத்த மாதிரி ஒரு சத்தம். மாடி வீட்டுத் தையற்காரர், உன் அண்ணன் காலத்து வழக்கப்படியே, தரையை டங்டங்கென்று தட்டினார். விடுவேனா, இன்னும் பலமாக ஊதினேன்.

"பெரியவரே, போதும், ஊசி கையில ஏறுது!" என்று மேலேயிருந்து கத்தினார். அடுத்த நொடி தையல் மெஷின் சத்தம் நின்றது. பிறகு படியில் தடதடவென்று இறங்குவது கேட்டது. நல்லவேளை, வாசல் கதவு திறந்துதான் கிடந்தது. அறைக் கதவைத் திறந்தவர், கழுத்தில் அளவுநாடாவோடு, என்னையும் ட்ரம்பெட்டையும் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. ஒரு நிமிஷம் அவருன்னே நெனச்சுட்டேன். அதே வாசிப்பு."

வருஷக்கணக்கில் ஊதிப் பழகியவருக்கும் பல்லில்லாமல் ஊதியவளுக்கும் வித்தியாசமே இல்லையாம். சிரிக்க ஆரம்பித்தேன், அது எங்கேயோ வழியில் அழுகையாகிவிட்டது. பாவம், அவர்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பெரியவர் போன பிறகுதான் தன் தையல் மெஷின் இவ்வளவு சத்தம் போடுதுன்னே தெரிஞ்சுதாம்.

ஆகவே கூட்டத்தில் இதை மட்டும் வாசி: 'அவருக்கு எதுவுமே சரியாக வராது. வரவில்லையே என்று அவர் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. அந்தக் கவலையை நான் பார்த்துக்கொண்டேன்.' அறை விஷயத்தில் என் முடிவில் மாற்றமில்லை. சாமானெல்லாம் நாளைக்குப் போய்விடும். மனசில் இருக்கிற மனுஷனுக்குத் தூசி தட்ட வேண்டியதில்லை.

பிள்ளைகள் படிப்பும் பல்லும் உறுதியாக இருக்கட்டும். ஆண்டவன் உங்கள் பக்கம் இருப்பார். என் பக்கமும் அவ்வப்போது அனுப்பிவை.

இப்படிக்கு,
உன் அண்ணி

பி.கு.: மறுநாள் காலை கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பும்போதே பழைய சாமான்காரர் வந்துவிட்டார். எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, ட்ரம்பெட்டை வெறும் பித்தளை விலைக்குக் கேட்டார். அடிமாட்டு விலைக்குக் கேட்டால் எனக்குப் பொறுக்காது. நன்றாக வேலை செய்யும் என்று காட்ட ஊதினேன். அவர் விலையை இன்னும் குறைத்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். அறைக்கு ஆள் கிடைத்தாச்சு என்று என் மகனிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. வயசானவள், தெரிந்த இடம், வாடகை தரமாட்டாள், சாயங்காலத்தில் கொஞ்சம் சத்தம் இருக்கும்.