பொடியைக் கொளுத்திய தீக்குச்சி

காஞ்சிபுரத்தில் கொளுத்திப் பார்க்காமல் எதையும் நம்பாத ஒரே மனிதர் தீக்குச்சிதான். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். பட்டுப்புடவைக் கடையில் நானும் அவரும் இருபது வருடம் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தோம். புடவை உள்ளே வந்ததும் முந்தானை ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்துவார். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகி உருண்டையானால் கொண்டுவந்தவர் தொலைந்தார்.

இதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். கல்யாணப் புடவை எடுக்க வந்த மாப்பிள்ளையின் அம்மா, "இது சுத்தப் பட்டுதானா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார்.

"நீங்க கட்டிக்கினு வந்துக்கிறீங்களே, அத மொதல்ல பாத்துருவோம்மா" என்று அந்த அம்மாளின் முந்தானையிலேயே ஓர் இழையை உருவிக் கொளுத்திவிட்டார் தீக்குச்சி. சம்பந்தி வீட்டார் கண்ணெதிரே அது உருண்டையானது. பதினெட்டுப் புடவை எடுக்க வந்த கூட்டம் ஒரு கைக்குட்டைகூட எடுக்காமல் வேனில் ஏறியது. முதலாளி தீப்பெட்டியைப் பிடுங்கிக் கல்லாவில் வைத்துப் பூட்டினார். மறுநாள் தீக்குச்சியின் சட்டைப்பையில் இன்னொன்று இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எனக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரை என்றாலே எனக்கு வேப்பங்காய். பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடியில் கூட்டம் போட்டு, டை கட்டிய இளைஞன் ஒருவன் பொடி டப்பா விற்றான். "ஃபுல்லா புரோட்டீன் அங்கிள். ஒரே மாசம். மாத்திரையத் தூக்கிப் போட்டுரலாம்" என்றான். டப்பாவில் 'சீரான சர்க்கரை அளவுக்குத் துணைபுரியும்' என்று தங்க எழுத்து. நானும் மாத்திரையைத் தூக்கிப் போட்டேன். கடை வேலையோடு பத்திரிகையிலும் எழுதுகிற ஆள் வேறு! நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

கடையில் நான் பொடி கலக்குவதைப் பார்த்த தீக்குச்சி, ஒரு கரண்டி அள்ளிக் கொளுத்திக் குனிந்து முகர்ந்தார்.

"பட்டும் புரோட்டீன்தான்பா. அப்ப இதுலயும் முடி கருகுற நாத்தம் வரணும். இது என்னாப்பா, சக்கர காச்சி மைசூர்பாகு கிண்டுற வாசன அடிக்குது?"

"யோவ், புடவைக்குப் பாக்குறத வயித்துக்குப் பாக்காதய்யா!"

"அடியில எறும்பு சைசுல 'மருந்தாகப் பயன்படுத்த அல்ல'ன்னு போட்டுக்கிறான், பாரு. மாத்திரையப் போடுய்யா."

கடையே சிரித்தது. அதில் என் சிரிப்புதான் பெரிது.

அவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனார். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். அதிகாரி நல்ல மனிதர். அதுதான் கொடுமை.

"நோயைக் குணமாக்கும்னு போட்டிருந்தா உடனே பிடிச்சிருவேன் சார். துணைபுரியும்னுதானே போட்டிருக்கான்? மாத்திரைய விடச் சொன்னது வாய்ப்பேச்சு, லேபிள்ல இல்ல. நீங்க எரிச்சுப் பாத்ததும் செல்லாது. நாங்களே வந்து மாதிரி எடுத்து, சீல் வெச்சு, லேபுக்கு அனுப்பணும்."

"மோந்து பாருங்க சார், தெரியும்" என்று அதிகாரியின் மேசையிலேயே ஒரு கரண்டிப் பொடியைக் கொளுத்தினார் தீக்குச்சி. காவலாளி எங்கள் இருவரையும் வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

சொன்னபடி அந்த மாடிக்கு வந்தார் அதிகாரி, மாதிரி எடுக்க. மாடி காலியாகக் கிடந்தது. அடுத்த மாதம் வேறு தெருவில், வேறு பெயரில், அதே மைசூர்பாகு வாசனை. கண்ணில் படுகிற எழுத்துக்குத்தான் சட்டம் இருக்கிறது, காதில் விழுகிற ஆசைவார்த்தைக்கு இல்லை. எனக்கு அது மாறும் என்ற நம்பிக்கையும் இல்லை.

அதற்குள் என் வலது காலில் செருப்பு கடித்த புண் ஆறாமல் கறுத்து, கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் தீக்குச்சி பக்கத்தில் உட்கார்ந்து தீப்பெட்டியை வெறுமனே உருட்டிக்கொண்டிருந்தார்.

"கொளுத்திக் காட்டுனேனேய்யா... உனுக்கு மூக்குலகூடவா ஏறல?" என்றவர் அழுதுவிட்டார்.

இப்போது ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறார். தினமும் காலை ஏழரைக்கு வீடியோ கால்.

"மாத்திர போட்டியா? நாக்கத் தூக்கு. இன்னும் தூக்குய்யா. அந்தப் பக்கம் காட்டு."

பேரன் எடுத்த ஆள் நான், போனுக்கு முன்னால் நாக்கைத் தூக்கிக் காட்டுகிறேன். என் வார்த்தையை மட்டும் அவர் நம்புவதே இல்லை. அழைப்பு ஐந்து நிமிடம் தாமதமானால், மாத்திரையை விழுங்காமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.